திட்டாமல் போனவர்

என்னைத் திட்டாதவர்கள் இந்த ஊரில் குறைவு. வேலை அப்படி. நிலப் பதிவு அலுவலகத்தின் தரைத்தளத்தில், நடுவில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான். யார் வேண்டுமானாலும் வந்து, மனை எண்ணைச் சொல்லி, எந்த நிலத்தின் கோப்பை வேண்டுமானாலும் கேட்கலாம். எல்லாம் பொது ஆவணம். எதிரே இருக்கும் நீள மேசையில் உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டான் என்று கொதித்துக்கொண்டு வருகிறவர்கள், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனித்தனியாக வருகிறவர்கள், சும்மா ஊர் வம்புக்காக வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

கொடுக்காத கோப்பும் உண்டு. அரசாங்கம் ஒரு இடத்தை விலைக்கு வாங்கப் போகிறது என்றால், மதிப்பீடு தொடங்கும் நாளிலிருந்து கிரயம் முடியும் நாள்வரை அந்த இடத்தின் கோப்பு ஜன்னலுக்கு வராது. உள்ளே இரும்பு பீரோவுக்குப் போய்விடும். சாவி என்னிடம். இதில் சூழ்ச்சி ஒன்றும் கிடையாது. இங்கே அரசாங்கம் ஆஸ்பத்திரி கட்டப் போகிறது, இவ்வளவு வரை கொடுக்கத் தயார் என்று வெளியே கசிந்தால் மறுநாளே விலை வானத்துக்கு ஏறும். போவது யார் பணம்? நீங்களும் நானும் கட்டுகிற வரிப்பணம். கிரயம் முடிந்ததும் எல்லாத் தாளும் ஜன்னலுக்கு வந்துவிடும், அப்போது அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது.

வீட்டில் நான் பெரிய வாயாடி. ஜன்னல் திரையின் நிறத்திலிருந்து எதிர்வீட்டுக்காரர் வாங்கப்போகும் வண்டி வரைக்கும் எனக்கு ஒரு கருத்து உண்டு, கேட்காமலே சொல்லவும் செய்வேன். ஆனால் ஆபீஸ் விஷயம் மட்டும் வாசற்படி தாண்டியதில்லை. இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து ஒரு மனை எண்கூட நழுவியதில்லை என்று எனக்கு மகா கர்வம்.

"இந்தக் கோப்பு தர முடியாதுங்க. காரணம் சொல்ல முடியாது." ஜன்னலில் நான் சொல்வது இந்த இரண்டு வாக்கியம்தான். கேட்டதும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி பொங்கும். சிலர் மேசையைத் தட்டுவார்கள். சிலர் என் சம்பளத்தை இழுப்பார்கள். ஒருவர் கண்ணாடி ஓட்டை வழியாக மூக்கை நுழைத்து, "நீயெல்லாம் நல்லா இருப்பியா" என்று கேட்டுவிட்டு, மூக்கை வெளியே எடுக்கச் சிரமப்பட்டார். நான் நன்றாகத்தான் இருந்தேன்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் திட்டவே மாட்டார். ஐம்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, கக்கத்தில் தோல் பை. ஒரே தடவையில் மூன்று நான்கு கோப்பு கேட்பார். இருப்பதை எடுத்துக் கொடுத்தால் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு அப்படியே திருப்பித் தருவார். தர முடியாது என்றால் நெஞ்சில் கைவைத்து, "ரொம்ப நன்றிம்மா, உங்க வேலை கஷ்டமான வேலை" என்பார். எனக்கு உருகிவிடும். இப்படி ஒரு மனிதர் இருக்கிறாரே என்று மற்றவர்களுக்கு அவரை உதாரணம் காட்டியிருக்கிறேன். "அவரைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று ஒரு ஒப்பந்தக்காரரிடம்கூடச் சொன்னேன். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு நன்றிக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் வாசலில் தெரிந்தால், "உங்க நன்றிக்காரர் வந்தாச்சு, கொஞ்சம் சிரிங்க" என்று என்னைச் சீண்டுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தாள். என் சொந்த அக்கா, என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஊருக்கு வெளியே புறவழிச் சாலையில் செடி நர்சரி வைத்திருக்கிறாள். முதலில் நடைபாதையில் பத்துப் பதினைந்து ரோஜாப் பைகளோடு உட்கார்ந்தவள். யாரும் சீந்தாத குப்பைமேட்டை வாங்கி, கண்ணாடித் துண்டையும் செங்கல்லையும் கையாலேயே பொறுக்கி எறிந்து, மண் கொட்டி, அந்த இடத்தைப் பச்சையாக்கினாள். இன்றைக்கும் யாராவது ஒரு எலுமிச்சைச் செடி வாங்கிக்கொண்டு போனால், அதை எப்படி வைக்கவேண்டும் என்று பாதித் தெருவரை பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

டீயைக் கையில் வாங்கினதும் சொன்னாள்.

"நர்சரிய வித்துடலாம்னு இருக்கேன்டி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நர்சரியின் கோப்பு ஒரு மாதமாக என் இரும்பு பீரோவில் இருக்கிறது. அதுவும் அந்தச் சாலையின் அந்தப் பக்க மனைகள் முழுக்கவும். புதிய பொது ஆஸ்பத்திரி வரப்போகிறது. மதிப்பீட்டுத் தாள்களைக் கோப்பில் சேர்ப்பதும் என் வேலைதான், ஆகவே தொகைவரை எனக்குத் தெரியும். பீரோவைப் பூட்டிய அன்று, கொஞ்ச நாளில் அக்காவுக்குக் கடிதம் போகும், நல்ல விலை கிடைக்கும், பெரிய இடமாக வாங்கிக்கொள்வாள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்தவள் நான்.

"எதுக்கு திடீர்னு?" என்றேன். குரல் சாதாரணமாக வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"திடீர்னு என்ன திடீர்னு? பம்பு வாரத்துக்கு ஒரு நாள் மக்கர் பண்ணுது. எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. மழை பெஞ்சா தண்ணி நிக்குது. இன்னும் கொஞ்ச நாள்ல ரோட்டையே அந்தப் பக்கமாத் திருப்பிடுவாங்களாம், ஈ காக்கா வராதாம்."

"யாரு சொன்னா?"

"வாங்கறவருதான். தங்கமான மனுஷன்டி. மொத தடவ வந்தப்ப, விக்கற எண்ணமே இல்ல, கெளம்புங்கன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னேன். வேற ஒருத்தனா இருந்தா மொறச்சுட்டுப் போயிருப்பான். இவரு நெஞ்சுல கைய வெச்சு, ரொம்ப நன்றிம்மா, உங்க வேலை கஷ்டமான வேலைன்னுட்டுப் போனாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

என் கையில் இருந்த டம்ளர் பாதியில் நின்றது.

தோல் பை, மடிப்புக் கலையாத சட்டை. நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அவளே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவள் பேசப் பேச எனக்குள் ஒவ்வொன்றாகப் பொருந்தியது. அந்த ஆள் கோப்புப் படிக்க வந்ததே இல்லை. கொடுத்த கோப்பை எதற்குப் படிக்கப் போகிறார்? கொடுத்தால் அந்த இடம் அரசாங்கத்துக்கு வேண்டாம் என்று அர்த்தம். முடியாது என்றால் வேண்டும் என்று அர்த்தம். ஊர் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, நான் முடியாது என்ற மனைமேலெல்லாம் ஒரு புள்ளி வைத்தால் போதும், ஆஸ்பத்திரியின் சுற்றுச்சுவரே வந்துவிடும். அவர் என்னிடம் வாங்கிக்கொண்டு போனதே அந்த 'முடியாது'வைத்தான். அதற்குத்தான் அத்தனை நன்றி. இந்த மடச்சி அவருக்குப் பதிலுக்குப் பல்லைக் காட்டியிருக்கிறேன்! வாயைத் திறக்காதவள் என்று கர்வப்பட்டவள், வாயை மூடி மூடியே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா தொகையைச் சொன்னாள். மதிப்பீட்டில் பாதிகூட இல்லை.

"வித்துட்டு என்ன பண்ணப் போற?"

"வேற என்ன? வீட்ல உக்கார வேண்டியதுதான். இந்தக் காசுக்கு வேற எடம் வாங்கி நர்சரி போட முடியுமா? பாதி எடம்கூடக் கெடைக்காது." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பக்கத்துத் தச்சர் போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டாரு. எனக்கு வெள்ளிக்கிழமை காலைல பத்திரம். சாட்சிக் கையெழுத்துக்கு நீ வந்துடு."

பக்கத்துப் பட்டறைத் தச்சர். நர்சரிக்குப் போகும்போதெல்லாம் மரத்தூள் ஒட்டிய கையை ஆட்டி, "தங்கச்சி வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுப்பவர். என் வாயால் போன இடம் அது.

"என்ன பேச்சு மூச்சக் காணோம்?" என்றாள் அக்கா. "விக்கலாமா, வேணாமா? நீ சொல்லு."

இங்கேதான் என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. விற்காதே என்று சொன்னால் ரகசியத்தைச் சொன்னதாகிவிடும். விற்கலாம் என்று சொன்னால் நான் மனுஷியே இல்லை. ஒரு வாரம் பொறு என்பது இரண்டையும்விட மோசம், ஏன் ஒரு வாரம் என்று ஊரே கேட்கும். பேசாமல் இருக்கலாம் என்றால், எதிர்வீட்டு வண்டிக்கே கருத்துச் சொல்கிறவள் அக்காவின் நிலத்துக்குக் கருத்துச் சொல்லாமல் இருந்தால் அதுவே தண்டோரா. ஒரு 'முடியாது' என்ன பாடுபடுத்தும் என்று அப்போதுதான் படித்திருந்தேன்.

"உன் எடம்க்கா. உன் முடிவு. இதுல நான் என்ன சொல்றது, எனக்குத் தலைவலியா இருக்கு," என்றேன். "வெள்ளிக்கிழமை லீவு கெடைக்காது."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"சரி. என் எடம்தான். உனக்கென்ன வந்துது," என்று டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள். என் கணவர் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, "அவங்க கண்ணு கலங்கிடுச்சு, என்னம்மா சொன்ன?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதான்.

திங்கட்கிழமை ஜன்னலைத் திறந்ததும் முதல் ஆளாக நின்றார் நன்றிக்காரர். மூன்று மனை எண்கள் சொன்னார். அதில் ஒன்று பீரோவில் இருப்பது, மற்ற இரண்டும் அலமாரியில் சும்மா கிடப்பவை.

"மூணையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க," என்றேன். "பதில் உங்களுக்கு உறைல வரும்."

"மூணுமேவா?"

"மூணுமே."

"இதுல மொதலாவத நீங்க போன மாசம் எடுத்துக் குடுத்தீங்களேம்மா?"

"போன மாசம் போன மாசத்தோட போச்சு. இனிமே எல்லாருக்கும் இப்படித்தான்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் தள்ளாடியது. "பரவால்லம்மா, எதக் குடுக்க முடியாதோ அத மட்டும் முடியாதுன்னு சொல்லிடுங்க. நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"சொல்ல முடியாதுங்க."

"முடியாதுன்னாவது சொல்லுங்கம்மா!"

"முடியாதுன்னு சொல்ல முடியாதுங்க."

வந்ததே பாருங்கள் கோபம்! தோல் பையை மேசைமேல் அறைந்தார். இது என்ன ஆபீசா, சந்தைக்கடையா என்றார். பொது ஆவணத்தைப் பொதுமக்களுக்குத் தர மறுக்க உனக்கு என்ன கொழுப்பு என்றார். மேலிடத்தில் எனக்கு யாரைத் தெரியும் தெரியுமா என்றார். என் காதில் தேன் பாய்ந்தது. நான் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, "ரொம்ப நன்றிங்க" என்றேன். பின்னால் இருந்த மேசைகளில் பேனா எல்லாம் நின்றுவிட்டது.

ஆனால் அதற்கடுத்து நின்ற பெண்ணுக்கும் நான் அதையேதான் சொல்லவேண்டியிருந்தது. வீட்டை இடிக்க வருகிறார்கள், எல்லைக் கோடு எங்கே என்று இன்றைக்கே பார்க்கவேண்டும் என்று அவள் அழுதுவிட்டாள். அது எனக்கு இனிக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்டுவது ஒரு வழியே இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு மாடி ஏறினேன்.

எங்கள் மேலதிகாரி ஒரு பெண்மணி. மேடம் அதிகம் பேசமாட்டார், ஆனால் கேட்கிற கேள்வி எலும்புவரை போகும். அவர் மேசைமேல் பீரோ சாவியை வைத்துவிட்டுத்தான் நான் பேச ஆரம்பித்தேன்.

"மேடம், மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஆஸ்பத்திரி எடத்துல ஒரு மனை எங்க அக்காவோடது. ஃபைல் வந்த அன்னிக்கே இத நான் சொல்லியிருக்கணும், சொல்லல, தப்புதான். இப்ப சொல்றத அதையும் சேத்து வெச்சுக் கேளுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். நன்றிக்காரர், தச்சர், வெள்ளிக்கிழமை பத்திரம், காலையில் அவர் போட்ட கூச்சல். மேடம் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. முடித்ததும் கேட்டார்.

"அக்கா நெலமா இல்லாட்டி இவ்ளோ வேகமா மாடி ஏறி வந்திருப்பீங்களா?"

"அக்கா சொல்லலன்னா எனக்கு அந்த ஆளப் பத்தித் தெரிஞ்சே இருக்காது மேடம். தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன். என்ன, இப்ப ஓடி வந்தேன், அப்ப நடந்து வந்திருப்பேன்."

"அக்காகிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"உன் எடம், உன் முடிவுன்னு சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா."

"அப்ப நம்பிட்டாங்க." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசி ரெண்டு மனையோட மதிப்பீடு பாக்கி இருக்கு. அது வந்தப்பறம்தான் நிலத்துக்காரங்களுக்கு லெட்டர். அடுத்த மாசம் ஆகும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "யாருக்குத் தெரியக் கூடாதுன்னு மேடம் அடுத்த மாசம்? வாங்கி விக்கிற ஆளுக்கு ஏற்கெனவே தெரியும். அவரு பாதி வெலைக்கு வாங்கி நம்மகிட்டயே முழு வெலைக்கு விப்பாரு. மக்கள் பணத்தக் காப்பாத்தத்தானே இந்த ரகசியம்? இப்ப பணமும் போகுது, எடத்துக்காரங்களும் போறாங்க. இதுல சம்பந்தப்பட்ட அத்தன பேர்ல தெரியாம இருக்கறது நிலத்துக்காரங்களுக்கு மட்டும்தான். இதுக்குப் பேரு ரகசியமா? ஏமாத்து வேலை."

சொன்னபிறகுதான் அதிகமாகப் போய்விட்டோமோ என்று பட்டது. மேடம் கோபப்படவில்லை.

"கத்தாதீங்க, எனக்குக் காது கேக்கும்," என்றார். "ரகசியம் வெளிய போயிடுச்சுன்னா, நிலத்துக்காரங்க எல்லாருக்கும் ஒரே சமயத்துல தெரியப்படுத்தணும்னு விதியில இருக்கு. அதப் பண்றேன். தொகை இருக்காது, அரசாங்கம் வாங்க நினைக்குது, பேச வாங்கன்னு மட்டும் இருக்கும். மேல கையெழுத்து வாங்க வியாழக்கிழமை ஆயிடும். ஜன்னல்ல இனிமே யாரு எதக் கேட்டாலும் ரெண்டு நாள்ல உறைல பதில், குடுக்கறதும் மறுக்கறதும் ஒரே மாதிரி உறை. அவசரக்காரங்கள நானே பாக்கறேன்." சாவியை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் போட்டார். "உங்களுக்கு ஜன்னலும் வேணாம், பீரோவும் வேணாம். விசாரணை முடியற வரைக்கும் கீழ் அறையில பழைய வரைபடமெல்லாம் அடுக்குங்க. லெட்டர் போய்ச் சேர்ற வரைக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்த பேசக் கூடாது. போன்லயும் கூடாது."

"சரி மேடம்."

"முடியுமா?"

"எனக்கு முடியும் மேடம். அவளத்தான் நெனச்சாப் பாவமா இருக்கு."

அன்றிலிருந்து தரைத்தளத்துக்கும் கீழே, குழல் விளக்கு எரியும் ஒரு அறையில், சுருட்டி வைத்த வரைபடங்களைத் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். திட்ட ஒரு ஆள்கூட இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை. வீட்டில் அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. என் கணவர் எடுத்துப் பேசிவிட்டு, "சாட்சிக்கு வர்றியா இல்லையான்னு கேக்கறாங்க. நேர்ல பதில் சொல்லக்கூட உனக்கு நேரமில்லையான்னு கேக்கறாங்க," என்றார். லீவு இல்லை என்று சொல்லச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்கு மாட்டிக்கிட்டேன்?" என்று தலையிலடித்துக்கொண்டு போனில் அதையே சொன்னார்.

வியாழக்கிழமை மதியத்துக்குமேல்தான் கையெழுத்து வந்தது. எங்கள் ஆபீஸ் மோட்டார்சைக்கிள்காரர் கடிதப் பையோடு கிளம்பினார். சாயங்காலம் நான் கேட்டைத் தாண்டும்போது திரும்பி வந்துகொண்டிருந்தார். பையில் இன்னும் கொஞ்சம் கனம் தெரிந்தது.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"எங்கங்க? ஒவ்வொரு வீட்லயும் நிறுத்தி வெச்சுக் கேள்வி கேக்கறாங்க. ரோட்டுக் கடைசில நாலஞ்சு எடம் பாக்கி. காலைல போயிடுவேன்."

ரோட்டுக் கடைசியில்தான் அக்காவின் நர்சரி. நாளைக்கு முதல் வேலையாக நர்சரிக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. பாக்கி இருக்கிற நாலைந்து பேரில் இன்னொருவருக்கும் நாளைக்குக் காலையில் பத்திரம் இருக்கலாம். அவருக்கு ஆபீசில் தங்கச்சி கிடையாது.

"பாத்துப் போங்க," என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. என்னை நானே அறையலாம்போல இருந்தது. அன்றைக்கு எனக்கு என்மேல் கர்வம் கிர்வம் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் எதை அடுக்கினேன், எதைக் கலைத்தேன் என்று கேட்காதீர்கள். பத்திரம் பதிகிற நேரம் வந்தது, போனது. அதற்கப்புறம் ரொம்ப நேரம் கழித்து, படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்காவின் நடை எனக்குத் தெரியாதா? முட்டி வலிக்காரி ஒரு படிக்கு ஒரு தடவை நின்று நின்றுதான் இறங்குவாள். அன்றைக்கு நிற்காமல் இறங்கினாள். கையில் எங்கள் ஆபீஸ் உறை.

"நீதானடி!" என்று அறைக்குள் நுழையும்போதே கத்தினாள். "வாயத் தொறக்காத மாதிரி உக்காந்திருந்தியே, திருடி! கேட்டப் பூட்டிட்டுச் சாவிய எடுக்கறேன், உங்க மோட்டார்சைக்கிள் வந்து நிக்குது. அந்த ஆளு வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு, வாங்கம்மா நேரமாச்சு, வாங்கம்மா நேரமாச்சுங்கறாரு. லெட்டரப் படிச்சேன். திரும்பப் படிச்சேன். அப்பறம் கேட்டத் தொறந்து உள்ள போயி செடிக்குத் தண்ணி விட ஆரம்பிச்சுட்டேன். அவரு ஹாரன் அடிக்கறாரு, நான் தண்ணி விடறேன். கடைசில வெளிய நின்னு என்னத் திட்டின திட்டு இருக்கே!"

நான் வரைபடக் கட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தச்சருக்கு?"

"அவருக்கும் ஒரு லெட்டர் குடுத்தாங்க. வித்தவனுக்கு எதுக்குய்யா இதுன்னு கேட்டிருக்காரு. உங்க மேடம் நேர்ல வரச் சொல்லியிருக்காங்களாம், எப்படி வித்தீங்கன்னு விசாரிப்பாங்களாம். பாவம், இன்னிக்கு மூணு தடவ எங்கிட்ட வந்து அந்த லெட்டரப் படிக்கச் சொல்லிட்டாரு." என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள். "சரி, அது கெடக்கட்டும். பேச வரச் சொல்லியிருக்காங்களே, நான் எவ்ளோ கேக்கலாம்? காதுல சொல்லு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டேன்."

"அடி போடி. சும்மா ஒரு குத்துமதிப்பாச் சொல்லு. தலைய ஆட்டினாப் போதும்."

"ஆட்ட மாட்டேன்க்கா."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு நடுவில் ஏதோ தட்டியது. என் முகத்தையே பார்த்தாள்.

"ஏண்டி, இத நீ எனக்காகத்தானே அனுப்ப வெச்ச?"

"எல்லாருக்கும் அனுப்பினாங்க. அனுப்பணும்னு நான் சண்ட போட்டேன். உனக்கு மட்டும்னு கேக்கல."

"நேத்து சாயந்தரமே ரோட்டு ஆரம்பத்துல எல்லாருக்கும் வந்துடுச்சு. எனக்கு இன்னிக்குத்தான் வந்துது."

"தெரியும்."

"தெரியுமா?" அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "ஒரு நிமிஷம் தள்ளி வந்திருந்தா நான் கார்ல ஏறிப் போயிருப்பேன். போயிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். விட்டிருப்பியா?"

இல்லை அக்கா, ஓடி வந்து பேனாவைப் பிடுங்கியிருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது, கண்ணிலேயே தெரிந்தது.

"ஆமாக்கா. விட்டிருப்பேன்."

குழல் விளக்கு இரைவது கேட்டது. மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"அப்படி நடந்திருந்தா," என்றாள் மெதுவாக, "செத்தாலும் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும்க்கா. நேத்து பஸ்ல வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதத்தான் நெனச்சேன். இனிமே எனக்கு அக்கா இல்லன்னு நெனச்சுக்கிட்டுத்தான் போனேன்."

அவள் என் கன்னத்தில் வழிந்ததைத் தன் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள், கொஞ்சம் வலிக்கிற மாதிரியே. உறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். படிக்கட்டுவரை போனவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், திரும்பாமலே பேசினாள்.

"எனக்கு உன்மேல பயங்கரக் கோவம். ஞாயித்துக்கிழம வரைக்கும் உங்கூடப் பேச மாட்டேன்."

"சரிக்கா."

"ஞாயித்துக்கிழம மத்தியானம் சாப்பிட வந்துடு."

வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இத்தனை வாய் பேசுகிறவளுக்குக் குரலே வரவில்லை. அவள் ஒவ்வொரு படியாக நின்று நின்று மேலே ஏறிப் போனாள்.